லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே தரை

லண்டனிலிருந்து சிட்னிக்குப் பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர். இன்றைய ஜெட் மணிக்கு 900 கிலோமீட்டர் போகிறது. வகுத்தால் 19 மணி நேரம். டிக்கெட் வாங்கப் போனால் 22 முதல் 24 மணி நேரம் என்று காட்டும். அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நடுவில் எங்கோ ஒரு இடத்தில் இறங்கி ஏறுகிறோம், அவ்வளவுதானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்த இரண்டு நகரங்களுக்கு இடையிலான பயண நேரத்தின் நூறாண்டுக் கதையே அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. 28 நாள், பன்னிரண்டரை நாள், ஒன்பதரை நாள், நான்கு நாள், ஒன்றரை நாள், ஒரு நாள் என்று நேரம் சுருங்கிக்கொண்டே வந்தது. எஞ்சின் வலுத்தது, விமானம் வேகமெடுத்தது, நேரம் குறைந்தது என்று இதற்கு வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். அது பாதி உண்மை. வானத்தில் எவ்வளவு வேகம் என்பதைவிட, கீழே எங்கே இறங்க முடியும், யார் இறங்க விடுவார்கள், இருட்டினால் என்ன செய்வது, எண்ணெய் எங்கே கிடைக்கும் என்ற கேள்விகள்தான் பெரும்பாலான காலம் இந்தப் பயணத்தின் நீளத்தைத் தீர்மானித்தன.

முதல் பயணத்திலிருந்தே கணக்கைப் பார்க்கலாம். முதல் உலகப் போர் முடிந்த மறுவருடம், 30 நாளுக்குள் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்ட் பரிசு என்று ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸின் அரசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்களும் பென்னட், ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளும் குண்டுவீச்சுக்காகக் கட்டப்பட்ட விக்கர்ஸ் விமி விமானத்தில் 1919 நவம்பர் 12 அன்று லண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து கிளம்பினார்கள். டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். ஏறக்குறைய 28 நாள், அதாவது 670 மணி நேரம். அதில் விமானம் காற்றில் இருந்தது சுமார் 136 மணி நேரம்தான். ஐந்தில் ஒரு பங்கு. மிச்ச நான்கு பங்கும் சேற்றிலும் மழையிலும் எண்ணெய் டின்களைத் தூக்கி ஊற்றுவதிலும் போனது. தாய்லாந்தின் சிங்கோராவில் இறங்கிய திடலில் மரம் வெட்டிய அடிக்கட்டைகள் அப்படியே நின்றன. ஒன்று விமானத்தின் வாலைத் தாங்கும் சறுக்குக் கட்டையைப் பிய்த்துவிட்டது. சுரபாயாவில் காய்ந்தது போலத் தெரிந்த நிலம் உள்ளே சேறாக இருந்தது. சக்கரங்கள் புதைந்துபோக, ஊர் மக்கள் வீடுகளிலிருந்து மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக விரித்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் மேலே எழும்பியது. டார்வினை அடைந்த பிறகாவது வேகம் கூடியதா? சொந்த நாட்டுக்குள், எந்த அனுமதியும் தேவைப்படாத பாதையில், எஞ்சின் கோளாறும் பழுதுபார்ப்புமாக, சிட்னி போய்ச் சேர 1920 பிப்ரவரி 14 ஆகிவிட்டது. உலகத்தில் பாதியை 28 நாளில் கடந்தவர்களுக்கு ஒரு நாட்டைக் கடக்க இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது.

இது சாகசப் பயணம், இதை வைத்து விதி சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே வழியில் 1920 ஜனவரியில் கிளம்பிய பாரரும் மெக்கின்டோஷும் வழியெல்லாம் உடைந்து ஒட்டுப்போட்டு, ஆகஸ்டில்தான் டார்வினைத் தொட்டார்கள். 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் தனியாளாகப் பதினைந்தரை நாளில் வந்தார். தனித்தனி மனிதர்களின் துணிச்சலும் அதிர்ஷ்டமும் சேர்ந்த எண்கள் இவை. ஆகவே சாகசக்காரர்களை விட்டுவிட்டு, அட்டவணை போட்டு ஓடிய சேவையை எடுத்துக்கொள்ளலாம். அங்கேதான் என் வாதத்துக்கு வலுவான ஆதாரம் கிடைக்கிறது. 1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்கு ஒரு பந்தயம் நடந்தது. ஸ்காட், கேம்ப்பெல் பிளாக் என்ற இருவர் பந்தயத்துக்கென்றே கட்டிய காமெட் விமானத்தில் 71 மணி நேரத்தில் வந்து ஜெயித்தார்கள். அதைக்கூட விட்டுவிடலாம், அது பந்தயக் குதிரை. இரண்டாவதாக வந்தது டச்சு கேஎல்எம் கம்பெனியின் டக்ளஸ் டிசி-2, சாதாரணப் பயணிகள் விமானம். உள்ளே மூன்று பயணிகளும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் புயலில் வழி தவறி அல்பரி என்ற ஊருக்கு மேலே இரவில் சுற்றிச் சுற்றி வந்தது. ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளை அணைத்து அணைத்து ஏற்றி மோர்ஸ் குறியீட்டில் ஊர்ப் பெயரைக் காட்டினார்கள். குதிரைப் பந்தயத் திடலில் கார்களை நிறுத்தி முன்விளக்குகளால் வெளிச்சம் போட்டார்கள். இறங்கிய விமானத்தை மறுநாள் காலையில் கயிறு கட்டிச் சேற்றிலிருந்து இழுத்தும் விட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு மொத்த நேரம் 90 மணி சொச்சம். நான்கு நாளுக்கும் குறைவு.

ஆறு மாதம் கழித்து, 1935 ஏப்ரலில், இம்பீரியல் ஏர்வேஸும் குவாண்டாஸ் எம்பயர் ஏர்வேஸும் சேர்ந்து லண்டன்–பிரிஸ்பேன் பயணிகள் சேவையைத் தொடங்கின. கட்டணம் ஒரு வழிக்கு 195 பவுண்ட். பயண நேரம் பன்னிரண்டரை நாள். நான்கு நாளில் முடிகிற வேலை என்று ஒரு பயணிகள் விமானம் காட்டிவிட்ட பிறகும் மூன்று மடங்கு நேரம் ஏன்? முதலில், லண்டனிலிருந்து பாரிஸ் வரை விமானம். பாரிஸிலிருந்து இத்தாலியின் தென்கோடியில் உள்ள பிரிண்டிசி வரை ரயில். பிரிட்டிஷ் விமானங்கள் தன் வான்வெளியைக் குறுக்கே கடக்க இத்தாலி விடவில்லை. உலகத்தின் மிக நீண்ட விமானச் சேவை என்று விளம்பரப்படுத்தப்பட்ட பயணத்தின் தொடக்கத்தில் ஒரு ரயில் டிக்கெட் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிண்டிசியிலிருந்து கடல் விமானம், எகிப்திலிருந்து மறுபடி வேறு விமானம், பிறகு பாரசீக வளைகுடா. அங்கேயும் இதே கதைதான். ஈரான் தன் கரையோரப் பாதைக்கு அனுமதியை நீட்டிக்க மறுத்ததால் 1932-ல் பாதை எதிர்க்கரைக்கு, அரபு ஷேக்குகளின் நிலத்துக்கு மாறியது. ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் பின் சக்ர் ஒப்புக்கொண்டார். மாத வாடகை இந்திய ரூபாயில். மணல்வெளியில் காவல் கோபுரம் வைத்த ஒரு கோட்டையைக் கட்டி, அதற்குள் பயணிகள் இரவு தங்க அறைகளும் போட்டார்கள். அது இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கிருந்து குவாதர், கராச்சி, ஜோத்பூர், டெல்லி, அலகாபாத், கல்கத்தா, அக்யாப், ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார், சிங்கப்பூர். சிங்கப்பூரில் குவாண்டாஸ் விமானத்துக்கு மாற்றம். பொழுது சாய்ந்தால் எங்கே இருக்கிறோமோ அங்கே இறங்கி, குளித்து, சாப்பிட்டு, உறங்கி, விடியும் முன் எழுந்து கிளம்ப வேண்டும்.

அந்தக் காலத்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் ஆமை வேகத்தில் போனவை, அதைச் சொல்லாமல் தரையை மட்டும் குறை சொல்வதா என்று ஒரு எதிர்வாதம் வரும். அவை மெதுவானவைதான், அவர்களுடைய பெரிய இரட்டை இறக்கை விமானங்கள் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டத் திணறின. அந்த வேகத்தையே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வளைந்து வளைந்து போன அந்தப் பாதை 20,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வகுத்தால் 125 மணி நேரம், ஐந்து நாள் சொச்சம். அட்டவணையில் இருந்தது 300 மணி நேரம். மீதி ஏழு நாளும் தரையில்தான் கழிந்தது. இரவில் பறக்காமல் இருந்தது சோம்பலால் அல்லவே, பாதுகாப்புக்காகத்தானே என்றும் கேட்கலாம். உண்மைதான். அல்பரியில் தப்பிய அதே டிசி-2, இரண்டு மாதம் கழித்து 1934 டிசம்பரில் இராக்கின் பாலைவனத்தில் விழுந்து உள்ளே இருந்த அனைவரும் இறந்தார்கள். இரவுப் பறப்பு அன்று உயிரைப் பணயம் வைக்கிற காரியம். ஆனால் அது ஏன் ஆபத்தாக இருந்தது? வழியில் விளக்குக் கம்பங்கள் இல்லை, வானிலை சொல்ல ஆளில்லை, ரேடியோ நிலையங்கள் போதவில்லை. எல்லாம் கீழே இருந்திருக்க வேண்டியவை. விமானத்தின் எஞ்சின் இரவையும் பகலையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

1938-ல் வந்த எம்பயர் கடல் விமானங்கள் இந்தப் பிரச்சினையைச் சாமர்த்தியமாகச் சுற்றிக் கடந்தன. ஓடுபாதை போட இடமும் பணமும் இல்லையென்றால் தண்ணீரில் இறங்கு. சவுத்தாம்ப்டனில் ஏறியவர் அதே விமானத்திலேயே சிட்னியின் ரோஸ் பே வரை போகலாம். ரயில் இல்லை, மாற்றமும் இல்லை. ராஜஸ்தானின் ராஜ்சமந்த் ஏரியும் குவாலியரின் நீர்த்தேக்கமும்கூட சர்வதேச விமான நிலையங்கள் ஆயின. பயணம் ஒன்பதரை நாளாகக் குறைந்தது. வேகமும் ஓரளவு கூடியிருந்தது, மறுக்கவில்லை. இருந்தாலும் சேமித்த மூன்று நாளில் ஒரு பகுதி, ஐரோப்பிய ரயிலையும் விமானம் மாறும் காத்திருப்பையும் ஒழித்ததில் வந்தது. இரவில் ஹோட்டலில் தூங்கும் வழக்கம் அப்படியே தொடர்ந்தது.

அதன் பிறகு போர் வந்து, தரை என்பது எவ்வளவு சீக்கிரம் கைவிட்டுப் போகும் என்று காட்டியது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் பகுதி அறுந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் கிழக்குப் பகுதியும் அறுந்தது. விமானங்கள் இருந்தன, விமானிகள் இருந்தார்கள்; இறங்க இடமில்லை. 1943 ஜூலை 10 முதல் குவாண்டாஸ் செய்த காரியம், என் பார்வையில், இந்த நூறாண்டிலேயே அதிகம் கவனிக்க வேண்டியது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரி வரை, எங்கும் இறங்காமல், ரேடியோவைத் திறக்காமல், நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்து, சுமார் 5,650 கிலோமீட்டர் இந்தியப் பெருங்கடலைக் கடந்தார்கள். ஐந்து கேட்டலினா விமானங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயர். ஒரு கடப்புக்கு 27 முதல் 33 மணி நேரம். மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து போகும் விமானம் அது. எண்ணெய்ப் பளு காரணமாகப் பயணிகள் அதிகபட்சம் மூன்றே பேர். தபால் 70 கிலோவுக்குள். நடுவில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள் என்பதால் பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்று சான்றிதழ் கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். மெதுவான விமானம், ஆனாலும் அறுந்த வழியை ஒட்டவைத்தது அதுதான், ஏனென்றால் நடுவே தரையைக் கேட்காத விமானம் அது. நடுவே தரை வேண்டாமென்றாலும் இரண்டு முனையிலும் நீர்த்தளம் வேண்டுமே. கொக்கலவில் அந்தத் தளத்துக்காகக் கிராமத்து மக்களை வெளியேற்றினார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பூர்வீக வீடு மட்டும் தப்பித்து இன்றும் நிற்கிறது. விமானப் பாதை வரலாறுகளில் விமானிகளின் பெயர்கள் இருக்கும். ஏரிக்கரையைக் காலி செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்காது.

போர் முடியும் தறுவாயில் லங்காஸ்ட்ரியன் விமானங்கள் கராச்சி, இலங்கை வழியாக இரவும் பகலும் பறந்து, ஒன்பதே பயணிகளோடு, மூன்று நாளில் இங்கிலாந்திலிருந்து சிட்னி போயின. 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸ் தன் கான்ஸ்டலேஷன் விமானத்தைச் சிட்னியிலிருந்து லண்டனுக்கு அனுப்பியது; 29 பயணிகள், போக வர கட்டணம் 585 பவுண்ட். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, ட்ரிப்போலி. பறந்த நேரம் 55 மணி. ஆனால் மொத்தம் நான்கு நாள், ஏனென்றால் சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவு தங்கினார்கள். விமானம் மேம்பட்டது, பயணம் நீண்டது! காரணம் எளிது: லங்காஸ்ட்ரியன் அவசர வேலைக்காகப் போகும் அதிகாரிகளுக்கானது, கான்ஸ்டலேஷன் காசு கொடுத்தவர்களுக்கானது, அவர்களுக்குப் படுக்கை வேண்டும். பயண நேரத்தை எந்திரம் மட்டும் முடிவு செய்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிரான பெரிய சான்று ஜெட் விமானம். 1959-ல் போயிங் 707 வந்ததும் நான்கு நாள் பயணம் சுமார் ஒன்றரை நாளாகச் சுருங்கியது. அது வேகத்தின் வெற்றி. அதை ஒப்புக்கொள்ளாமல் நழுவ முடியாது. ஆனால் அதோடு வேகத்தின் கதை முடிந்தும் போனது. 707 பறந்த அதே வேகத்தில்தான் இன்றைய விமானமும் பறக்கிறது. 60 ஆண்டுகளுக்கு மேலாக அதில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அப்படியிருந்தும் ஒன்றரை நாள் ஒரு நாளாகக் குறைந்திருக்கிறது. ஐந்தாறு இடத்தில் இறங்கியது இரண்டாகி, ஒன்றாகக் குறைந்ததுதான் அந்த மிச்சம். ஒலியைவிட வேகமாகப் போகும் கான்கார்ட் இந்தக் கேள்விக்கு ஒரு சோதனைக்கூடம் போலவே அமைந்துவிட்டது. 1985 பிப்ரவரியில் ஒரு கான்கார்ட் லண்டனிலிருந்து சிட்னிக்குப் போனது. நடுவில் இறங்கி எண்ணெய் நிரப்பி, மொத்தம் 17 மணி 3 நிமிடம். 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புதிய 747-400 ஒன்று, கான்கார்டின் பாதி வேகத்துக்கும் கீழே, எங்கும் இறங்காமல் அதே தூரத்தை 20 மணி 9 நிமிடத்தில் கடந்தது. வேகத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டியும் கிடைத்த லாபம் மூன்று மணி நேரம்! கான்கார்ட் தாகம் மிகுந்த விமானம். அது அடிக்கடி தரையைத் தேட வேண்டியிருந்தது.

கான்கார்ட் தரையிடம் எண்ணெய் கேட்டதோடு விஷயம் நிற்கவில்லை, தரை அதன் சத்தத்தையும் கேட்டது. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து பஹ்ரைன் வழியாக லண்டன்–சிங்கப்பூர் கான்கார்ட் சேவையைத் தொடங்கின. சில பறப்புகளிலேயே மலேசியா எதிர்ப்புத் தெரிவித்து நிறுத்த வைத்தது. 1979-ல் பாதையை மாற்றி மீண்டும் தொடங்கினார்கள். இந்தியா தன் வான்வெளியில் ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்க விடவில்லை. 1980-ல் சேவை முடிந்தது. எஞ்சினின் திறமையில் ஒரு குறையும் இல்லை; கீழே வாழ்கிறவர்களின் ஜன்னல் அதிரக் கூடாது என்று கீழே உள்ள அரசுகள் சொன்னன. சொல்ல அவற்றுக்கு உரிமையும் இருந்தது.

இறங்காமலே போகும் காலம் வந்துவிட்டதே, இனித் தரைக்கு என்ன வேலை என்பதுதான் கடைசி எதிர்வாதம். 2018 மார்ச்சில் பெர்த்–லண்டன் நேரடிச் சேவை தொடங்கியது: சுமார் 14,500 கிலோமீட்டர், 17 மணி நேரம் சொச்சம். 2019 நவம்பரில் சுமார் 50 பேரோடு லண்டன்–சிட்னி சோதனைப் பறப்பு 19 மணி 19 நிமிடத்தில் முடிந்தது. ஆனால் நேரடிப் பயணம் தரையிலிருந்து விடுதலை பெறவில்லை. தரையை வயிற்றில் கட்டிக்கொண்டு போகிறது. 1989 விமானத்தில் விற்ற டிக்கெட் ஒன்றும் இல்லை, சரக்கும் இல்லை. ஒரு துளி எண்ணெயையும் வீணாக்கக் கூடாதென்று ஓடுபாதை வரை இழுவை வண்டியால் இழுத்துக்கொண்டு போனார்கள். 2022-ல் குவாண்டாஸ் இந்தப் பாதைக்கென்றே 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அவற்றில் கூடுதலாக 20,000 லிட்டர் தொட்டி, இருக்கைகள் 238 மட்டும். பழைய கேட்டலினாவின் கணக்கேதான்: எண்ணெய் ஏற ஏற ஆள் குறைய வேண்டும். அந்தத் திட்டத்துக்கே ‘சன்ரைஸ்’ என்று பெயர் வைத்தது கொக்கல நாட்களை நினைத்துத்தான். அரசியலும் போய்விடவில்லை. 2022-ல் ரஷ்யா தன் வான்வெளியை மூடியதும் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரத்தில் போன விமானம் 13 மணி நேரம் எடுக்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் ஈரான் பக்கம் பதற்றம் கூடியபோது, பெர்த்திலிருந்து லண்டன் போகும் ‘நேரடி’ விமானம் சிங்கப்பூரில் இறங்கி எண்ணெய் பிடித்துக்கொண்டு போனது. இன்னும் சொல்லப்போனால், விமானத்தின் எல்லையைத் தொட்டு நீட்டிய பாதைக்குத்தான் இது அதிகம் வலிக்கிறது. ஒரு மணி நேரச் சுற்றுவழியைக்கூடத் தாங்க எண்ணெய் மிச்சம் இருக்காது.

இறங்குமிடங்களின் தலைவிதியையும் பார்க்க வேண்டும். குவாதர், அக்யாப், அலோர் ஸ்டார் என்று அட்டவணையில் அச்சான பெயர்கள், விமானம் நீளமாகப் பறக்கக் கற்றதும் அந்த வழியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கராச்சியும் கல்கத்தாவும் பின்னால் தள்ளப்பட்டன. இறங்குவதை ஒரு கட்டாயமாக வைத்திருந்த ஊர்கள் போயின. அதை ஒரு வியாபாரமாக மாற்றிய ஊர்கள் பிழைத்தன. 2013-ல் எமிரேட்ஸோடு கைகோத்த குவாண்டாஸ் தன் லண்டன் விமானங்களைச் சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு மாற்றியது. 2018-ல் திரும்பவும் சிங்கப்பூருக்கே கொண்டுவந்தது. சிங்கப்பூர் வழியாகப் போகும் அதன் ஏ380-ல் 485 பேர் உட்காரலாம், நேரடியாகப் போகவிருக்கும் ஏ350-ல் அதில் பாதிதான். நேரடிப் பறப்பு சேமிப்பதாகச் சொல்லும் நேரம் அதிகபட்சம் நான்கு மணி. அதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் அவசரக்காரர்களும் வசதிக்காரர்களும்தான். மற்றவர்கள் சிங்கப்பூரின் சாங்கியிலோ துபாயிலோ இறங்கி, அடுத்த விமானத்தின் கேட் எண்ணைத் திரையில் தேடிக்கொண்டு நடப்பார்கள்.